வெய்யிலும் வீட்டு விளக்கும்



2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி நாட்களை இந்நாட்டில் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார். மின்நிலையங்களை இயக்குவதற்கு எரிபொருள் போதவில்லை. எரிபொருளை வாங்குவதற்கு நாட்டிடம் அந்நியச் செலாவணி இருக்கவில்லை. மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பிற்போடப்பட்டிருந்த க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோ மே மாதத்தில் நடைபெற இருந்தது. பகலெல்லாம் வெய்யில் எறித்து, இரவெல்லாம் இருள் சூழ்ந்த அந்த நாட்களிலேதான் எங்கள் பிள்ளைகள் அப்பரீட்சைக்குப் படித்தார்கள்.

எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி, தன் உறவினர் வீட்டுக் கூரைமீது சூரிய மின்தகடுகள் பரப்பப்பட்டிருப்பதை நினைத்துக்கொண்டு, அங்கே வெளிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு மாலை புத்தகமும் கையுமாகச் சென்றாள். அந்த வீட்டிலும் மெழுகுதிரிதான் எரிந்துகொண்டிருந்தது. "சேர், கூரை நிறையத் தகடு வைத்த வீட்டிலும் ஏன் இருட்டு?" என்று மறுநாள் என்னிடம் கேட்டாள். நான் கலைப் பட்டதாரி. அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் மின்துறை அறிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன். வீட்டுச் சூரிய மின்சாரத்தைப் பற்றி ஓர் ஏழைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய முதற் செய்தி, அந்தப் பிள்ளையின் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலை நாடிச் செல்லும் இடத்தில் இருப்பது வெருகல். ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை. பாலம் அமைவதற்கு முன்னர், 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவையிலேதான் ஆற்றைக் கடந்தோம். சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு வருவோரும் அவ்வாறே வந்தனர். ஈச்சிலம்பற்று, பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம் முதலாய எங்கள் கிராமங்களுக்கு நெல்லும் மீனும் மாடுமே வாழ்வு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து கரையோரத்தை வாரிச் சென்றது. 2006ஆம் ஆண்டில் போர் மக்களை இடம்பெயரச் செய்தது. திரும்பி வந்தவர்கள் முதலில் கிணற்றை இறைத்தார்கள். பின்னர் கூரையைப் போட்டார்கள். விளக்கு எப்போதும் கடைசியாகவே வந்தது.

அந்தக் காலத்து விளக்கு எது? குப்பி விளக்குத்தான். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி, மூடியைத் துளைத்துத் திரியை இறக்கிவிட்டால் விளக்கு ஆயிற்று. என் தலைமுறையினர் அதன் புகையில் மூக்குக் கறுக்கப் படித்தவர்கள். அது கவிழ்ந்தால் தீ. தீப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. இந்தத் துன்பத்தைத் தம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாள்தோறும் கண்ட இலங்கை வைத்தியர் விஜய கொடகும்புற அவர்கள், குட்டையாய், கனமான கண்ணாடியால் ஆனதாய், கவிழ்ந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையாய், திருகு மூடியுள்ளதாய் ஒரு பாதுகாப்பு விளக்கை ஆக்கி நாடெங்கும் பரப்பினார். 1998ஆம் ஆண்டில் அவருக்கு உலகப் புகழ் பெற்ற றோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தலின் வடிவத்தை மாற்றியதற்கு அத்தகைய விருதா என்று வியப்போர், குப்பி விளக்கு எரிந்த வீட்டில் வாழ்ந்தறியாதவர் ஆவர்.

மண்ணெண்ணெய் மலிவு என்ற எண்ணமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. விளக்குக்கு மாத்திரமன்றி, மீன்பிடிப் படகின் இயந்திரத்துக்கும் அதுவே வேண்டியிருந்ததால் எங்கள் கரையோரம் இருமுறை அடிபட்டது. அதே மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. பின்னர்க் குறைக்கப்பட்டதும், மீண்டும் கூட்டப்பட்டதும் உண்டு. எரிபொருளைக் கப்பலிலே எதிர்பார்த்திருக்கும் நாட்டில், ஏழை வீட்டு விளக்கின் திரி தொலைதூரத்துத் துறைமுகங்களிலே கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

இவ்வாறிருக்க, நம் தலைக்கு மேலே நாள்தோறும் தவறாது வரும் செல்வம் ஒன்று உண்டு. வானம் வெளித்த நண்பகலில், ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மீது ஏறத்தாழ 1,000 வாற்று வலு வெய்யிலாகப் பொழிகிறது. வெய்யிலுக்குப் பஞ்சமில்லாத உலர்வலயம் நமது கீழ்மாகாணக் கரை. இந்த வெய்யில் மின்சாரமாவது எங்ஙனம்?

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கரெல், தமது 19ஆவது வயதில், சில பொருள்கள்மீது ஒளி பட்டால் மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். அதற்குரிய காரணத்தை விளங்கிக்கொள்ள வழிகாட்டியது 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரை. ஒளியானது சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்றும், ஒவ்வொரு பொட்டலமும் ஓர் இலத்திரனை அதன் இருப்பிடத்தினின்று விடுவிக்க வல்லது என்றும் அவர் காட்டினார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனைக் கொண்டு, பயன்படத்தக்க முதலாவது சூரிய மின்கலத்தை ஆக்கினர். அதன்மீது விழுந்த வெய்யிலில் 100இல் 6 பங்கே மின்சாரமாயிற்று. இன்று கடைகளில் விற்கும் தகடுகள் 20 பங்குக்கு மேல் தருகின்றன. மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கனை இரு படைகளாக அமைத்து, ஒன்றில் இலத்திரன் மிகுதியாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்குமாறு செய்கின்றனர். ஒளி பட்டு விடுபட்ட இலத்திரன்கள் ஒரு திசையிலேயே ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். இதில் எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை, புகைவதும் இல்லை. ஆகவே தகடு 25 ஆண்டு வரை உழைக்கிறது.

ஆயினும் தகடு மாத்திரம் விளக்காகாது. வீட்டுச் சூரிய மின்னமைப்புக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். முதலாவது, வெய்யிலை வாங்கும் தகடு. இரண்டாவது, பகலில் வந்ததை இரவுக்குச் சேர்த்து வைக்கும் பற்றரி. மூன்றாவது, பற்றரி அளவுக்கு மேல் நிறையாமலும் அளவுக்கு மேல் வற்றாமலும் காவல் காக்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி. நான்காவது, விளக்கு. கடைக்குப் போகிறவர் தகட்டையே பார்க்கிறார். விற்பவரும் தகட்டையே காட்டுகிறார். உண்மையில் அமைப்பின் உயிர் பற்றரியில் இருக்கிறது. வெய்யிலுக்கு விலை இல்லை. அதை இரவு வரை வைத்திருப்பதற்கே விலை. குளத்து நீர் மழையாக இலவசமாய் வந்தாலும், கட்டுக்கும் மதகுக்கும் செலவு செய்யாத ஊரில் பங்குனியில் வயல் காய்ந்துவிடும் அல்லவா? அதுபோல என்க.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலும் கடுதாசியும் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் 5 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் 4, ஒவ்வொன்றும் இரவில் 5 மணி நேரம் எரிகிறது. நான்கை ஐந்தால் பெருக்கி, மீண்டும் ஐந்தால் பெருக்க, 100 வாற்று மணி. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 20. ஒரு வானொலிப் பெட்டி நாலு மணி நேரம் பேசுவதற்கு 20. ஆக 140. வெக்கைக் காலத்தில் நேரோட்டத்தில் இயங்கும் 15 வாற்றுச் சிறு மின்விசிறி 8 மணி நேரம் சுழன்றால் மேலும் 120. மொத்தம் 260 வாற்று மணி.

100 வாற்றுத் தகடு ஒன்று, நல்ல வெய்யில் நாளொன்றில் முழு வெய்யில் நான்கு மணி நேரம் பெறுவதாகக் கொண்டு, கம்பியிலும் பற்றரியிலும் சூட்டிலும் வீணாகும் பத்தில் மூன்று பங்கு அளவைக் கழித்தால், ஏறத்தாழ 280 வாற்று மணி தரும். வைகாசி முதல் புரட்டாதி வரை, கச்சான் வீசும் காலத்தில், மேற்சொன்ன வீட்டுக்கு இது போதும். ஆனால் எங்கள் பகுதிக்கு மழை வாடைக் காற்றோடு வருகிறது. கார்த்திகை, மார்கழியில் வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். தகட்டின் விளைச்சல் பாதியாகிவிடலாம். பாதியென்றால் 140. அக்காலத்தில் மின்விசிறி தேவையில்லை. விளக்கும் தொலைபேசியும் வானொலியும் கேட்பதும் அதே 140தான். இவ்வாறு, மிக மோசமான மாதத்தை மனத்தில் வைத்து அளவு பார்த்து வாங்குவதே அறிவு. சித்திரை வெய்யிலைப் பார்த்து வாங்கியவர் மார்கழியில் ஏமாறுவார்.

பற்றரியின் அளவையும் இப்படியே பார்க்கலாம். இரண்டு நாள் வெய்யிலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 280 வாற்று மணி கையிருப்பு வேண்டும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே இருமடங்கு வேண்டும். 12 வோல்ற்றில் சுமார் 50 அம்பியர் மணிப் பற்றரி அது. நன்றாகப் பேணினால் மூன்று, நான்கு ஆண்டு உழைக்கும். இப்போது வழக்கில் வந்துள்ள லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியை ஐந்தில் நான்கு பங்கு வரை பயன்படுத்தலாம். 30 அம்பியர் மணியே போதும். எட்டு, பத்து ஆண்டு உழைக்கும். வாங்கும்போது விலை கூடுதல். ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் பல வேளைகளில் மலிவு.

இந்தச் சிறிய அமைப்பு எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணி அழுத்தும் பெட்டியையும், சோறு சமைக்கும் மின்பாத்திரத்தையும், கிணற்று மோட்டாரையும் இதனோடு சேர்க்க எண்ணக் கூடாது. ஒரு குதிரைவலு மோட்டாருக்கு மாத்திரம் 746 வாற்று வேண்டும். விளக்குக்கென்று வாங்கியதை அடுப்புக்கு இழுத்தால் இரண்டும் கெடும்.

வீட்டுச் சூரிய விளக்கு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1980களின் பிற்பாதியிலேயே இலங்கையில் அதற்கெனத் தனி வணிக முயற்சி தொடங்கியது. 1991ஆம் ஆண்டளவில் குருநாகல் மாவட்டத்துப் பன்சியகமவில், அவுஸ்திரேலிய உதவியோடு சுமார் 1,000 வீடுகளுக்குத் தகடுகள் வழங்கப்பட்டன. 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் துணையோடு நடந்த திட்டத்தில் 20,000க்கு மேற்பட்ட வீடுகளும், அதைத் தொடர்ந்து 2011 வரை நடந்த திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் சூரிய விளக்குப் பெற்றன. இவை தானமாக வந்தவை அல்ல. சர்வோதய இயக்கத்தின் கடன் நிறுவனமும், பிற சிறுகடன் நிறுவனங்களும் தவணைக் கடன் கொடுத்தன. கொம்பனிகளின் ஆட்கள் கிராமங்களுக்குச் சென்று பொருத்தினர். மண்ணெண்ணெய்க்கும் பற்றரி மின்னேற்றுவதற்கும் மாதந்தோறும் கொடுத்த பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம் என்பதே அத்திட்டத்தின் உட்பொருள். ஒருசேரப் பெருந்தொகை இல்லாத குடும்பத்துக்கு, விலையைக் காட்டிலும் தவணையே முக்கியம் என்பது அங்கே நிரூபணமாயிற்று. பங்களாதேசம் 2003ஆம் ஆண்டிலிருந்து இதே வழியில் சென்று, 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு விளக்கேற்றியது.

ஆனால் நம் நாட்டுக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. மின்கம்பி கிராமம் கிராமமாகச் சென்று, 2016ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டியது. அது மகிழ்ச்சிக்குரியதே. கம்பி வந்ததும் கூரையிலிருந்த தகட்டை மக்கள் மறந்தனர். பற்றரி செத்தது, மாற்றுவாரில்லை. பொருத்திய கொம்பனியின் ஆளும் வருவதில்லை. கடன் மாத்திரம் சில வீடுகளில் மிஞ்சியது. கம்பி உள்ளவரை தகடு எதற்கு என்று அன்று கேட்டோம். கம்பியில் மின்சாரம் இல்லாத 2022ஆம் ஆண்டில்தான் அதற்கு விடை கிடைத்தது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அவள் சென்ற வீட்டில் இருந்தது, நான் இதுவரை சொன்ன அமைப்பு அன்று. அது மின்கம்பியோடு இணைந்த கூரை மின்னமைப்பு. 2010ஆம் ஆண்டில் இந்நாட்டில் இம்முறை தொடங்கியது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் அரசாங்கம் அதை விரிவாக்கியது. அதில் மூன்று வகைகள் வைக்கப்பட்டன. முதல் வகையில், வீட்டுக்கு மிஞ்சிய மின்சாரம் கம்பியில் சென்று, அலகுக் கணக்காக வரவு வைக்கப்படும். இரண்டாம் வகையில், மிஞ்சியதற்குப் பணம் கிடைக்கும். மூன்றாம் வகையில், விளைந்த முழுவதும் விற்கப்படும். பணம் தரும் வகைகளுக்கு அப்போது அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாயும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15 ரூபாய் 50 சதமும் குறிக்கப்பட்டன. அவ்விலைகள் பின்னர்ப் பலமுறை மாறிவிட்டன. ஆதலால் இன்று விண்ணப்பிப்போர் நடப்பு விலையை மின் அலுவலகத்திலே கேட்டறிவது நன்று.

இவ்வகை அமைப்பில் பெரும்பாலும் பற்றரி இருப்பதில்லை. தகட்டின் நேரோட்டத்தை வீட்டுக்குரிய ஆடலோட்டமாக மாற்றும் 'இன்வேர்ட்டர்' என்னும் கருவி, கம்பியிலுள்ள மின்சாரத்தின் தாளத்தைக் கேட்டு, அதற்கு ஒத்தே இயங்குகிறது. கம்பி ஓய்ந்தால் அதுவும் நொடிப்பொழுதில் ஓய்ந்துவிடுமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. ஏன் தெரியுமா? மின்வெட்டு வேளையில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுகிறார். அப்போது ஏதோ ஒரு வீட்டுக் கூரை கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவர் உயிர் போகும். ஆகவே பகலிலும் அந்த வீடு ஓய்ந்தது; இரவிலோ, சேமித்த பற்றரி இல்லாமையால், எவ்வாற்றானும் விளக்கெரிய வழியில்லை. அது கட்டணத்தைக் குறைக்கும் கூரை. இருட்டை விரட்டும் கூரை அன்று. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதே முதலில் அறிய வேண்டியது. பற்றரியும், கம்பியினின்று வீட்டைத் தானே பிரித்துக்கொள்ளும் கருவியும் சேர்ந்த கலப்பு அமைப்பு இரு வேலையையும் செய்யும். அதற்குச் செலவு மிகுதி.

கட்டணத்தைக் குறைக்கும் கூரை யாருக்கு முதலில் பயன்பட்டது? மாதம் நூற்றுக்கணக்கான அலகு செலவிடும் வீடுகளுக்கும், முதலீடு செய்ய வல்லவர்களுக்குமே. ஒரு கிலோவாற்றுத் தகடு நம் பகுதியில் மாதம் 100 முதல் 120 அலகு வரை விளைவிக்கலாம். எங்கள் கிராமத்தில் மாதம் 40 அலகு எரிக்கும் வீட்டுக்கு அது வேண்டியதற்கு மேல். அதை வாங்கும் முதலோ கைக்கு எட்டாதது. ஆகவே வசதியுள்ளோரின் கட்டணம் குறைந்தது; வசதியற்றோர் ஏறிய கட்டணத்தையே கட்டினர். இந்த ஏற்றத்தாழ்வை அண்டை நாடு வேறுவிதமாக அணுகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில், ஏழைக் குடும்பத்துக்கான 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றும் ஐந்து சூரிய விளக்குகளோடு கட்டப்பட்டது. 2024ஆம் ஆண்டில் இந்திய மத்திய அரசு, ஒரு கோடி வீட்டுக் கூரைகளை இலக்காகக் கொண்டு, ஒரு கிலோவாற்றுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலுமானால் 78,000 ரூபாயும் மானியம் அறிவித்தது. சிறிய கூரைக்குச் செலவின் பெரும் பங்கைப் பொதுப்பணம் ஏற்கிறது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நாடு முழுவதற்கும் இப்போது வேறொரு சிக்கல் தோன்றியுள்ளது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த ஒரு கோளாறு நாட்டையே இருளாக்கியது. விடுமுறைப் பகலில் மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால், மின்வலையமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று பின்னர் மின்சார சபை விளக்கியது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பகலில் மிஞ்சுகிறது, இரவில் போதவில்லை. வீட்டில் கண்ட அதே பாடம்தான் நாட்டிலும்! சேமிப்பு இல்லாத விளைச்சல் அறுவடைக் காலத்து நெல்லைப்போலக் களத்திலேயே கிடக்கும்.

எங்களுக்கு வடக்கே, மூதூர்ப் பகுதியிலுள்ள சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் தீட்டிய திட்டம் 2016ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அங்கேயே 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கான பணி 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டது. அதே நாளில், இந்திய உதவியோடு 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டிடங்களின் கூரைகளில் மொத்தம் 25 மெகாவாற்று அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பெற்றது. இடமொன்றுக்குச் சராசரி 5 கிலோவாற்று. இவற்றால் நாட்டின் எரிபொருட் செலவு குறையும், நன்றே. ஆயினும் சம்பூரின் மின்சாரம் உயரழுத்தக் கம்பியேறிச் செல்வது. கம்பி அறுந்த இரவில், அருகேயிருக்கும் வெருகல் வீட்டுக்கும் அது உதவாது.

கம்பி அறும் இரவுகள் எங்களுக்குப் புதியவை அல்ல. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையால் மகாவலி பெருகி, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறியது. அப்படியான இரவில் ஒரு வீட்டுக்கு வேண்டுவது பெரிய வலு அன்று. படகு வருகிறதா என்று பார்க்க ஒரு விளக்கு. அறிவித்தலைக் கேட்க ஒரு வானொலி. உறவினரை அழைக்க ஒரு தொலைபேசி. நாம் முன்னர்ப் போட்ட 140 வாற்று மணிக் கணக்கு, அந்த இரவுக்குரிய கணக்கே.

ஆகவே என் கருத்து இதுதான். எங்கள் போன்ற பகுதிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய கூரை அமைப்பு உடனே வருமென்று காத்திருத்தல் வேண்டா. வீட்டுக்குச் சிறிய, பற்றரியுள்ள விளக்கமைப்பு. ஊருக்குப் பாடசாலையிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ பற்றரி சேர்ந்த பொது அமைப்பு. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கும். வழிபாட்டிடக் கூரைகளில் தகடு வரும்போது, அதனோடு பற்றரியும், கம்பி ஓய்ந்தாலும் இயங்கும் கருவியும் வேண்டுமென்று பரிபாலன சபையார் முன்கூட்டியே கேட்பது பயன் தரும். வெள்ளத்தில் ஊர் கூடுமிடம் அதுவே அன்றோ?

வாங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள். எங்கள் ஊர் மீனவக் குடும்பம் ஒன்று, 'முழு அமைப்பு' என்று கூறிய ஒரு கடையிலிருந்து தகடும் பழைய கார்ப் பற்றரியும் வாங்கியது. கட்டுப்படுத்தி இல்லை, பற்றரியிலிருந்து நேரே விளக்குக்குக் கம்பி. பத்து மாதத்தில் பற்றரி செத்தது. கார்ப் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்பச் சில விநாடி பெருமின்னோட்டம் தருவதற்கென்றே ஆக்கப்பட்டது. இரவெல்லாம் மெல்ல மெல்லத் தரும் வேலை அதற்குத் தகாது. அக்குடும்பம் மீண்டும் மண்ணெண்ணெய்க்குத் திரும்பியது. சூரிய விளக்கே பொய் என்று அயலாரும் நம்பினர். கெட்ட அமைப்பொன்று பத்து வீடுகளின் நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது.

எனவே கட்டுப்படுத்தியும் உருகியும் இன்றி வாங்காதீர்கள். தகட்டுக்கும் பற்றரிக்கும் தனித்தனியே எழுத்தில் உத்தரவாதம் பெறுங்கள். தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை அளவு சாய்த்து வைத்தால் மழை அதைக் கழுவிவிடும். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் விளைச்சல் பெரிதும் குறையும். கடற்காற்றின் உப்பையும், புழுதியையும், காக்கை எச்சத்தையும், வெய்யில் ஏறுமுன் காலையில் நன்னீரால் கழுவுங்கள்; உவர்க் கிணற்று நீர் வேண்டா. துருப்பிடியாத ஆணிகளால் இறுகப் பூட்டுங்கள். 100 வாற்றுத் தகடு ஓர் ஆள் தூக்கக்கூடியதே. புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி வீட்டினுள் வைக்கலாம். ஈய அமிலப் பற்றரிக்கு மாதமொருமுறை வடித்த நீர் பார்த்து ஊற்றுங்கள். செத்த பற்றரியைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் உடைக்காதீர்கள், ஈயம் நஞ்சு.

இவை யாவற்றிலும் முக்கியமானது பற்றரிக்கான சேமிப்பு. ஒரு பற்றரியின் விலை 48,000 ரூபாய் என்றும், ஆயுள் 48 மாதம் என்றும் வைத்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாய் அதற்கென ஒதுக்க வேண்டும். தனித்துச் சேமிப்பது அரிது. ஆனால் சீட்டுக் கட்டுவது எப்படியென்று நம் பெண்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மாதர் சங்கமோ, சனசமூக நிலையமோ பத்து வீடுகளைச் சேர்த்துப் 'பற்றரிச் சீட்டு' ஒன்று தொடங்கலாம். ஊரில் மின்வேலை பழகிய இளைஞர் ஒருவரோ, யுவதி ஒருத்தியோ பத்து வீட்டையும் மாதமொருமுறை பார்வையிட்டுச் சிறு கூலி பெறலாம். ஒரு லட்சம் வீடுகளில் தகடு ஏறியும் பின்னர் மறக்கப்பட்டதற்குக் காரணம் வெய்யில் குறைந்ததன்று. பராமரிப்பாரும் சேமிப்பும் இல்லாமையே.

அந்த மாணவி இருட்டினூடே படித்துப் பரீட்சை எழுதினாள், சித்தியும் அடைந்தாள். அவள் கேள்விக்கு உரிய விடையை நான் அறிந்தபோது, அவள் உயர்தர வகுப்புக்கு வேறு பாடசாலை சென்றுவிட்டாள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்று வானொலி வாயிலாகச் சொன்னேன். தைப்பொங்கலன்று முற்றத்தில் பானை வைத்து ஞாயிற்றை வணங்குகிறோம். நெல்லை விளைவித்ததற்காக நன்றி கூறுகிறோம். அந்த நெல்லையும் நாம் வெறுமனே களத்தில் விட்டுவிடுவதில்லை. பட்டறை கட்டிப் பத்திரப்படுத்துகிறோம். வெய்யிலையும் அவ்வாறே பேணக் கற்றுக்கொண்டால், அடுத்த மின்வெட்டு நம் பிள்ளைகளின் படிப்பு மேசையைத் தீண்டாது.